சாலையின் அகலத்தில் மரத்துக்கும் ஒரு பங்கு

சிங்கப்பூரில் ஒரு புதிய சாலைக்கு வரைபடம் போடும்போது வண்டித் தடம், நடைபாதை, வடிகால், விளக்குக் கம்பம் ஆகியவற்றோடு மரத்துக்கென்றும் ஒரு பட்டை ஒதுக்கப்படுகிறது. வண்டித் தடத்துக்கும் நடைபாதைக்கும் நடுவே, பொதுவாக 2 மீட்டர் அகலத்தில், சாலை நெடுக ஓடும் வெறும் மண் அது. குடிநீர்க் குழாயும் மின்கம்பியும் தொலைபேசிக் கம்பியும் போவதற்கு வேறொரு பட்டை தனியாக உண்டு. குழாய் உடைந்தால் பள்ளம் தோண்டுகிறவர்கள் அந்தப் பட்டையில்தான் தோண்டுவார்கள். மரத்தின் வேரில் கடப்பாரை விழாது. அந்நகரத்தின் பசுமையைப் பற்றி எழுதுகிறவர்கள் பூக்களையும் நிழலையும் பற்றித்தான் அதிகம் எழுதுகிறார்கள். ஆனால் எல்லாவற்றுக்கும் அடிப்படை அந்த 2 மீட்டர் மண்தான்.

அதன் அருமை புரிய வேண்டுமென்றால் நிலத்தின் கணக்கைப் பார்க்க வேண்டும். நாட்டின் மொத்தப் பரப்பு சுமார் 730 சதுர கிலோமீட்டர். அதற்குள் ஏறத்தாழ 60 லட்சம் பேர், விமான நிலையம், துறைமுகம், நீர்த்தேக்கங்கள், ராணுவப் பயிற்சித் திடல்கள் எல்லாம் அடங்க வேண்டும். நிலத்தில் 12 சதவீதம் சாலைகளுக்கே போய்விடுகிறது. இன்னொரு தடம் போட்டால் இன்னும் சில ஆயிரம் வண்டிகள் போகலாமே என்ற ஆசை எந்தப் பொறியாளருக்கும் வரும் இடம் இது. அந்த ஆசைக்கு இடம் கொடுக்காமல் மரத்துக்கு மண்ணை விட்டுவைத்திருக்கிறார்கள் என்பதே இந்த நகரத்தின் சாதனை. மரம் நடுவதை எந்த ஊரிலும் ஒரு நாள் விழாவாகச் செய்துவிடலாம். இடம் விடுவதற்குத்தான் துணிச்சல் வேண்டும்.

சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு ஒரு பாகைக்குச் சற்றே வடக்கில் இருக்கிறது. வெயில் காலம், குளிர் காலம் என்ற பிரிவு அங்கே கிடையாது. ஆண்டு முழுவதும் உச்சிவெயில்தான். பகலில் வெப்பத்தைக் குடித்துவைக்கும் தாரும் கான்கிரீட்டும் இரவில் அதை மெல்ல வெளியே விடுகின்றன. மரம் இதைத் தணிப்பது இரண்டு விதத்தில். இலைகள் வெளியிடும் நீராவி காற்றின் வெப்பத்தைக் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. இலைக்கூரை வெயிலைத் தரையில் விழாமல் தடுக்கிறது. சிங்கப்பூரின் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம் என்பதால் முதல் வழி வறண்ட ஊர்களில் போல முழுப்பலன் தராது. ஆகவே இரண்டாவது வழியை, அதாவது நிழலையே, பெரிதும் நம்ப வேண்டியிருக்கிறது. அடர்த்தியாக, அகலமாக, சாலையின் குறுக்கே கைகோத்து நிற்கும் மரங்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததற்கு இதுவே காரணம். பனையையும் தென்னையையும் வரிசையாக நட்டால் படம் அழகாக இருக்கும். பேருந்து நிறுத்தத்துக்கு நடந்து போகிறவர் தலையில் வெயில் குறையாது.

இந்த முயற்சிக்குத் தொடக்க நாளாகச் சொல்லப்படுவது 1963 ஜூன் 16. அன்று பிரதமர் லீ குவான் யூ ஃபேரர் சர்க்கஸ் என்ற வட்டச் சந்திப்பில் ஒரு மெம்பாட் மரக்கன்றை நட்டார். இளஞ்சிவப்புப் பூக்கள் கொத்துக் கொத்தாகப் பூக்கும் உள்ளூர் மரம் அது. பூங்காவிலோ அரசு மாளிகைத் தோட்டத்திலோ நடாமல் போக்குவரத்து நடுவே நட்டது, இத்திட்டம் எந்தத் திசையில் போகப்போகிறது என்பதை அப்போதே காட்டியது. 1965-ல் தனிநாடான பிறகு, 1967-ல் ‘தோட்ட நகரம்’ என்ற இலக்கு அறிவிக்கப்பட்டது. அதில் அரசியல் கணக்கும் இருந்தது. இயற்கை வளம் ஏதும் இல்லாத நாடு வெளிநாட்டு முதலீட்டை நம்பியிருந்தது. முதலீடு செய்ய வருகிறவர்கள் போகும் வழியில் ஒழுங்காகப் பராமரிக்கப்பட்ட மரங்களையும் புல்வெளியையும் கண்டால், இந்த நாட்டில் வேலை நடக்கும் என்று நம்புவார்கள் என லீ கருதினார். மரத்தை இப்படிப் பொருளாதாரத்தோடு முடிச்சுப் போட்டதில் ஒரு பெரிய நன்மை விளைந்தது. நிதி நெருக்கடி வந்தால் முதலில் வெட்டப்படும் செலவாக அது ஒருபோதும் ஆகவில்லை. 1971 நவம்பரில் முதல் மரம் நடும் நாள் கொண்டாடப்பட்டது. பிறகு ஆண்டுதோறும் நடக்கிறது. 1974-ல் ஒன்றரை லட்சத்தைச் சற்றுத் தாண்டியிருந்த மரங்களின் எண்ணிக்கை 2014-ல் 14 லட்சமாயிற்று.

ஆனால் தொடக்கத்தில் எல்லாம் சரியாகப் போய்விடவில்லை. அரசுக்கு அவசரம். கன்று வளர்ந்து நிழல் தரப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் காத்திருக்க முடியாது. எனவே அங்சானா என்ற மரத்தைப் பிடித்தார்கள். நம்மூர் வேங்கையின் நெருங்கிய உறவு, மஞ்சள் பூ. அதன் சிறப்பு, போத்து நட்டாலே பிழைத்துக்கொள்வது. கிராமத்தில் பூவரசையும் கல்யாண முருங்கையையும் வேலிக்கு நடுவது போலத்தான்: ஆள் உயரத்தைவிடப் பெரிய தடித்த கிளையை வெட்டி மண்ணில் ஊன்றினால் வேர்விட்டுத் தழைத்து, சில ஆண்டுகளிலேயே நிழல் தரும். உடனடி மரம் என்றே அதற்குப் பெயர் வந்தது. 1960-களின் இறுதியிலிருந்து தெருத்தெருவாக அங்சானா எழுந்தது.

இதில் ஒரு பழைய எச்சரிக்கை மறக்கப்பட்டிருந்தது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றிலும் 19-ஆம் நூற்றாண்டில் சாலையோரம் நின்ற அங்சானா மரங்களை ஒரு வாடல் நோய் கூண்டோடு அழித்திருந்தது. அதனால்தான் இடைப்பட்ட காலத்தில் அதை யாரும் நடாமல் விட்டிருந்தார்கள். 1980-களில் அதே வாடல் திரும்பி வந்தது. ஆராய்ந்தபோது ஃபியூசேரியம் என்ற பூஞ்சைதான் காரணம் எனத் தெரிந்தது; மின்னல் தாக்கிப் பலவீனமான மரங்களிலிருந்து நோய் பக்கத்து மரங்களுக்குப் பரவியது. சிங்கப்பூரில் மின்னலுக்குப் பஞ்சமில்லை. ஒரே இனத்தை வரிசையாக நட்ட தெருவில் நோய்க்கு நல்ல வழி அமைந்துவிடுகிறது. அதோடு அங்சானாவின் கிளைகள் புயற்காற்றில் சட்டென்று முறியும். ஆகவே படிப்படியாக வேறு மரங்கள் கலந்து நடப்பட்டன: பெருங்கொன்றை, செனகல் மகாகனி, தெம்பூசு, வறட்சிக்குப் பின் மழை பெய்தால் இளஞ்சிவப்பாகப் பூத்துக் கொட்டும் தபேபூயா. இதை உலகின் எல்லா நகராட்சிகளும் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். வேகமாக வளரும் ஒற்றை இனத்தால் தெருக்களை நிரப்புவது, முப்பது ஆண்டு கழித்து வரப்போகும் செலவை இன்றே ஏற்பாடு செய்வதற்குச் சமம்.

சாலைகளுக்கு முகம் கொடுத்த மரம் என்றால் அது தூங்குமூஞ்சிதான். பிறப்பிடம் நடு, தென் அமெரிக்கா. சிங்கப்பூருக்கு வந்தது 1876-ல். தமிழ்நாட்டிலும் பழைய நெடுஞ்சாலைகளில், ரயில் நிலைய வளாகங்களில், பள்ளி மைதானங்களில் நிற்கிற அதே மரம். சாங்கி விமான நிலையத்திலிருந்து நகருக்குள் வரும் ஈஸ்ட் கோஸ்ட் பார்க்வே விரைவுச்சாலை கடலை நிரப்பி எடுத்த மண்ணில் போடப்பட்டது. அதன் இரு புறமும் இந்த மரங்களின் வரிசை. இதன் குடை 30 மீட்டர் வரை விரியும். அந்தி சாயும்போதும் மழை வருமுன்பும் சிற்றிலைகள் மடிந்துகொள்கின்றன. அதனால் மழைத்துளி இலையில் தங்கிவிடாமல் அடியிலுள்ள செடிகளுக்கும் புல்லுக்கும் போய்ச் சேருகிறது. அவரைக் குடும்பம் என்பதால் வேர் முடிச்சுகளில் தழைச்சத்தும் சேர்கிறது. நிரப்பிய மண்ணில் இது பெரிய வரம்.

முதிர்ந்த தூங்குமூஞ்சியின் ஒரு கிளையை மட்டும் அண்ணாந்து பார்த்தால் அதுவே ஒரு தோட்டம். சொரசொரப்பான பட்டையின் வெடிப்புகளில் மக்கிய இலையும் தூசியும் சேர்ந்து மண்ணாகியிருக்கும். அதில் பறவைக்கூடு போன்ற பெரிய பெரணி உட்கார்ந்திருக்கும். அதன் ஓரத்தில் சிறிய பெரணிகள், நாணயம் போன்ற தடித்த இலைகள், நடுநடுவே ஆர்க்கிட். இவை புல்லுருவி போல மரத்தின் சாற்றை உறிஞ்சுவன அல்ல; இடத்தை மட்டும் கேட்டு வாழ்பவை. துப்புரவு என்ற பெயரில் இவற்றைச் சுரண்டி எறியாமல் விட்டுவைத்திருப்பதால், ஆறு தடச் சாலைக்கு மேலே பறவைகளுக்கும் அணில்களுக்கும் ஒரு தெரு ஓடுகிறது.

மண்ணுக்கு மேலே தெரிவதைவிடக் கீழே இருப்பதுதான் நகரத்து மரத்தின் ஆயுளை முடிவு செய்கிறது. சாலை போடும்போது அடித்தளத்தை உருளை ஓட்டி இறுக்குவார்கள். இறுகிய மண்ணில் காற்றுக்கும் நீருக்கும் இடமில்லை. வேர் கீழே போக முடியாமல் மேலே வந்து நடைபாதைக் கற்களைத் தூக்குகிறது. பிறகு மரத்தின் மேல் பழி போட்டு வெட்டுகிறார்கள். சிங்கப்பூர் இதற்குச் செய்த எளிய தீர்வு, வாகன நிறுத்துமிடங்களில் ஓட்டை விட்ட கான்கிரீட் பலகைகள். வண்டியின் எடையைப் பலகை தாங்கும். ஓட்டைகள் வழியே புல் முளைக்கும், மழைநீர் இறங்கும், வேருக்குக் காற்று போகும். அடிமரம் வரை சிமென்ட் பூசி மூடும் வழக்கம் உள்ள ஊர்கள் இதைக் கண்ணால் பார்க்க வேண்டும். மூச்சு முட்டிச் சாகிற மரம் சாவதற்கு ஐந்தாறு ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. அதற்குள் பூசியவர் யாரென்று எல்லோருக்கும் மறந்துபோகிறது.

மேம்பாலங்கள் வேறு விதமான சிக்கலைக் கொண்டுவந்தன. பாலத்துக்கு அடியில் நட்ட செடிகளுக்கு வெயிலும் இல்லை, மழையும் இல்லை. மேலே ஓடும் தடங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் கீழே நிரந்தர இருட்டு. இதைக் கவனித்த லீ, மேலே ஓடும் சாலையை நடுவே பிரித்து, இரண்டு தனித் தளங்களாகக் கட்டி இடைவெளி விடச் சொன்னார். அந்த இடைவெளி வழியே ஒளியும் மழையும் கீழே இறங்கின. ஒரு நாட்டின் பிரதமர் பாலத்துக்கு அடியில் இருக்கும் செடிக்கு வெளிச்சம் போகிறதா என்று யோசித்தது மிகையாகத் தோன்றலாம். ஆனால் செடி, கட்டுமானம் முடிந்த பிறகு சேர்க்கும் அலங்காரம் என்று நினைத்திருந்தால் கான்கிரீட்டின் வடிவமே மாறியிருக்காது. பாலத் தூண்களில் அத்தி இனத்துக் கொடி ஏற்றப்பட்டது. அதன் சிறு வேர்கள் கான்கிரீட்டைப் பற்றி ஏறி, சாம்பல் நிறத் தூணைப் பச்சையாக்கிவிடும்.

நடைமேம்பாலங்களின் இரு கைப்பிடிகளை ஒட்டியும் நீளமான தொட்டிகள் வைத்துக் காகிதப்பூ வளர்க்கிறார்கள். இந்தத் தேர்வில் நல்ல செடி ஞானம் இருக்கிறது. காகிதப்பூவுக்கு வேர் கொஞ்சம் நெருக்கப்பட வேண்டும், மண் அவ்வப்போது காய வேண்டும். நீர் தாராளமாகக் கிடைத்தால் இலையாகவே தழைத்துப் பூவை மறந்துவிடும். எப்போதும் மழை பெய்யும் ஊரில், தரையில் நட்டால் அது சரியாகப் பூப்பதில்லை. பாலத்தின் மேல் குறுகிய தொட்டி, முழு வெயில், சட்டென்று வடிந்துவிடும் மண் என்று வறட்சிக்கு வேண்டிய எல்லாம் தற்செயலாகவே அமைந்துவிட்டன. மற்றச் செடிகள் வாடும் இடத்தில் அது ஊதாவும் வெள்ளையும் செம்மஞ்சளுமாகக் கொட்டுகிறது.

நட்டதைக் காப்பாற்றச் சட்டம் வேண்டியிருந்தது. பூங்காக்கள், மரங்கள் சட்டம் 1975-ல் வந்தது. பிறகு திருத்தி எழுதப்பட்டது. 1991-ல் மரப் பாதுகாப்புப் பகுதிகள் அறிவிக்கப்பட்டன. அவற்றிலும் காலி நிலங்களிலும் அடிமரச் சுற்றளவு ஒரு மீட்டருக்கு மேலிருந்தால், தனியார் நிலமானாலும் அனுமதியின்றி வெட்ட முடியாது. மீறினால் 50,000 சிங்கப்பூர் டாலர் வரை அபராதம். 2001-ல் மரபுச் சாலைத் திட்டம் தொடங்கியது. மண்டாய் சாலை, லிம் சூ காங் சாலை, மவுண்ட் பிளசன்ட் சாலை, சவுத் போனா விஸ்டா சாலை, ஆர்கேடியா சாலை ஆகிய ஐந்துக்கும் இரு புறமும் 10 மீட்டர் பசுமைப் பட்டை சட்டப்படி உண்டு.

இவ்வளவு மரங்கள் மனிதர்களின் தலைக்கு மேல் நிற்பதில் ஆபத்தும் இருக்கிறது. சுமத்ராவிலிருந்து வரும் திடீர்க் காற்று விடியற்காலையில் கிளைகளை முறித்துப் போடும். 2017 பிப்ரவரியில் தாவரவியல் பூங்காவில் 270 வயதைத் தாண்டிய தெம்பூசு மரம் வேரோடு சாய்ந்து ஒருவர் இறந்தார். தேசியப் பூங்காக் கழகம் சாலையோர மரங்களை முறைவைத்துப் பரிசோதிக்கிறது. தட்டிப் பார்ப்பதும் கண்ணால் பார்ப்பதும் போதாதபோது உள்ளே பொந்து இருக்கிறதா என்று கருவி வைத்துப் பார்ப்பார்கள். 2018-ல் திறந்த இணைய வரைபடத்தில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள் தனித்தனியே இடம் பெற்றன. தெருவில் நிற்கும் ஒரு மரத்தைத் தொட்டால் அதன் இனம் தெரியும். கவாத்து வேலைதான் நாள்தோறும் நடப்பது. தூக்கி வண்டியின் கூண்டில் ஏறி, எந்தக் கிளையை எந்த இடத்தில் வெட்டினால் காயம் ஆறும் என்று தெரிந்து வெட்ட வேண்டும். தண்டை ஒட்டி வெட்டினாலும் தவறு, முளை நீளமாக விட்டாலும் அழுகும். உச்சிவெயிலில் புல் வெட்டுவதும் கிளை சுமப்பதும் இலை கூட்டுவதும் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். அவர்களில் தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் உண்டு. தோட்ட நகரம் என்ற பெயருக்குப் பின்னால் இருக்கும் இந்த உழைப்பை அந்த நகரத்தைப் புகழும் புத்தகங்கள் போதுமான அளவு சொல்வதில்லை.

மரம் வந்தால் பறவையும் வரும். ஆர்ச்சர்ட் சாலையில் அந்தி நேரத்தில் ஆயிரக்கணக்கில் வந்தடையும் மைனாக்களின் இரைச்சலும் எச்சமும் பல ஆண்டுகளாகப் புகாராக இருக்கின்றன. கிளைகளை ஒளி புகும்படிக் கழித்துப் பார்த்தார்கள். பறவைகள் அடுத்த தெருவுக்குப் போயின.

1990-களில் சிந்தனை சாலையோரத்திலிருந்து விரிந்தது. ஊரெங்கும் ஓடும் வடிகால் கால்வாய்களின் கரையில், பராமரிப்புக்கென்று ஒதுக்கிய நிலம் சும்மா கிடந்தது. அதை நடக்கவும் மிதிவண்டி ஓட்டவும் நிழற்பாதையாக்கிப் பூங்காக்களை இணைத்தார்கள். பீஷான் – அங் மோ கியோ பூங்காவைக் காலாங் ஆற்றங்கரையோடு சேர்க்கும் பாதை இவற்றில் முன்னோடி. இன்று இணைப்புப் பாதைகளின் நீளம் 300 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. புதிதாக நிலம் எடுக்காமலேயே இது நடந்தது என்பதுதான் வியப்பு. கால்வாய், ரயில் பாதை, உயர்மின் கம்பி போகும் வழி ஆகியவற்றின் ஓரத்தில் இப்படிப்பட்ட நிலம் எந்த நகரத்திலும் கிடக்கும்.

2013 முதல் ‘இயற்கை வழிகள்’ என்ற பெயரில் சில சாலைகள் காட்டின் அடுக்கில் நடப்படுகின்றன. வரிசையாக ஒரே உயரத்தில் மரம் நடாமல், புதர், சிறுமரம், குடைமரம், அதற்கும் மேலே தலை நீட்டும் நெடுமரம் என நான்கு நிலைகள். பட்டாம்பூச்சிக்குத் தேன் பூ கீழடுக்கில், பழம் தின்னும் பறவைக்கு நடுவடுக்கில். 2030-க்குள் இவற்றின் நீளத்தை 300 கிலோமீட்டராக்குவது இலக்கு. அழகாகக் கத்தரித்த வேலிச்செடிக்குப் பழகிய கண்ணுக்கு இது முதலில் ஒழுங்கற்றதாகத் தோன்றும். ஆனால் தோட்டக்காரர் கத்தரிக்காத இடத்தில்தான் உயிர்கள் தங்குகின்றன.

சாலை உண்டாக்கிய காயத்தைச் சாலைக்கு மேலேயே ஆற்றப் பார்த்தது புக்கிட் தீமா விரைவுச்சாலையில். 1986-ல் போட்ட அந்தச் சாலை புக்கிட் தீமா இயற்கைக் காப்பகத்தையும் மத்திய நீர்ப்பிடிப்புக் காட்டையும் இரண்டாக வெட்டியது. குறுக்கே கடக்க முயன்ற அழுங்குகள் வண்டிகளில் அடிபட்டு இறந்தன. 2013-ல் அதன் மேல் 62 மீட்டர் நீளத்தில், நடுவில் 50 மீட்டர் அகலத்தில் ஒரு மண் பாலம் கட்டி, உள்ளூர்க் காட்டு மரங்களை நட்டார்கள். மனிதர்களுக்கு அங்கே அனுமதி இல்லை. தானியங்கிக் கேமராக்களில் அழுங்கும் மரநாயும் பதிவாயின. பின்னர் 2019-ல் மண்டாய் ஏரிச் சாலைக்கு மேலும் இதே போன்ற பாலம் வந்தது. காட்டைப் பிளக்காமல் சாலையை முதலிலேயே வளைத்துக் கொண்டுபோயிருந்தால் பாலமே தேவைப்பட்டிருக்காது. 1986-ல் அப்படி யோசிக்கவில்லை.

மலாயா ரயில் சேவை தஞ்சோங் பகார் நிலையத்துக்கு வருவது 2011 ஜூன் கடைசியோடு நின்றதும், தெற்கிலிருந்து உட்லண்ட்ஸ் வரை 24 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மெல்லிய நிலப்பட்டை காலியாயிற்று. நகர நடுவே அந்த நிலத்தின் விலையை எண்ணிப் பார்க்கலாம். இயற்கை ஆர்வலர்கள் அதைத் துண்டு போடாமல் முழுதாக வைத்திருக்கக் கோரினார்கள். அரசும் ஒப்புக்கொண்டு அதை ரயில் பசுந்தடமாக வைத்திருக்கிறது.

எல்லா இடத்திலும் இப்படி முடியவில்லை. மேற்கே தெங்கா என்ற புதிய நகரியம் எழும் சுமார் 700 ஹெக்டேர் நிலத்தின் பெரும்பகுதி, மனிதர் கைவிட்ட பின் தானாக வளர்ந்த காடு. அதை வெட்டித்தான் வீடுகள் வருகின்றன. நகரியத்தின் மையப் பகுதியில் வண்டிகள் நிலத்தடியில் ஓடும்; மேலே நடப்பவர்களுக்கும் மிதிவண்டிகளுக்கும் மட்டும் இடம். காட்டுக்காக 5 கிலோமீட்டர் நீளமும் 100 மீட்டர் அகலமும் உள்ள ஒரு தடம் விடப்பட்டிருக்கிறது. சாலையோரப் பட்டைக்கு 2 மீட்டர் போதும்; காட்டு விலங்கு கடந்து போக 100 மீட்டர் போதுமா என்பதே அங்கே கேள்வி. காட்டின் ஓரங்களில் வெயிலும் வறண்ட காற்றும் பல மீட்டர் உள்ளே நுழையும். தெருவிளக்கின் ஒளியும் வண்டிச் சத்தமும் இன்னும் உள்ளே போகும். குறுகிய தடத்தில் இரண்டு ஓரமும் சேர்ந்து நடுப்பகுதியையும் ஓரமாகவே ஆக்கிவிடக்கூடும். அதை இன்னும் அகலமாக விட்டிருக்க வேண்டும் என்று கேட்ட இயற்கை ஆர்வலர்களின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. வீடுகளின் வரிசை முழுதாக எழுந்த பிறகு அந்த அகலத்தைக் கூட்ட வழியில்லை.